பழைய படக்கோப்பை எஸ்விஜி ஆக்கும்போது மெய்யெழுத்தின் புள்ளி தொலையக் கூடாது

மலேசியாவின் சுங்கை சிப்புட் போன்ற தோட்டப்புற நகரத்தில் பேனர் அடிக்கும் கடைக்கும் ஸ்டிக்கர் வெட்டும் கடைக்கும் எல்லாக் காலத்துக் கோப்புகளும் வருகின்றன. மாரியம்மன் கோயில் திருவிழா அழைப்பிதழ் கோரல்டிரா என்ற வரைகலைச் செயலியின் கோப்பாக வரும். தமிழ்ப்பள்ளிச் சின்னம் விண்டோஸின் பழைய படவடிவமான டபிள்யூஎம்எஃப் ஆக வரும். மணிமன்றம் என்ற இளைஞர் அமைப்பின் கிளைச் சின்னம் பழைய வேர்ட் கடிதத்தின் தலைப்பில் ஒட்டியிருக்கும். பால்மரம் போய்ச் செம்பனை வந்தது, தோட்டம் கைமாறியது, லயத்துக் (தோட்டத் தொழிலாளர் வரிசை வீட்டு) குடும்பங்கள் தாமானுக்கு (குடியிருப்புப் பகுதிக்கு) போயின, பள்ளியும் புதுக் கட்டடத்துக்கு மாறியது. சின்னம் மட்டும் யாரோ ஒரு பழைய செயலாளரின் குறுந்தட்டில் தங்கிவிட்டது. அதைத்தான் இன்று 20 அடிப் பதாகையிலும் சட்டைப் பையிலும் அக்ரிலிக் பெயர்ப்பலகையிலும் கேட்கிறார்கள்.

அந்த மூன்று அளவுக்கும் ஒரே கோப்பு போதும் என்றால் அது வெக்டராக, அதாவது புள்ளிகளாக அல்லாமல் கோடு, வளைவுக் கணக்காகச் சேமித்த படமாக இருக்க வேண்டும். எஸ்விஜி என்ற வெக்டர் கோப்பு வடிவம் அதற்கு நல்ல தேர்வு. இணையத் தரங்களை வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பு அதன் முதல் பதிப்பை 2001இலும், இன்றும் பெரும்பாலான செயலிகள் பின்பற்றும் 1.1 பதிப்பை 2003இலும் தரமாக அறிவித்தது. ஒரு நிறுவனத்துக்குச் சொந்தமான வடிவம் அல்ல. உள்ளே இருப்பது வெறும் எழுத்துக் கட்டளைகள், நோட்பேடில் திறந்தாலும் படிக்கலாம். இன்னும் 30 ஆண்டு கழித்து எடுப்பவருக்கும் கோரல் உரிமம் தேவைப்படாது.

புகைப்படத்தை எஸ்விஜி ஆக்க முயல வேண்டாம். திருவிழாக் கூட்டத்தின் படத்தையோ பழைய தலைவரின் உருவப்படத்தையோ வெக்டராக்கினால் ஆயிரக்கணக்கான வண்ணத் துண்டுகள்தான் கிடைக்கும். முகம் கெடும், கோப்பும் பெருத்துவிடும். அவற்றை டிஃப் அல்லது பிஎன்ஜி வடிவில் வைத்துக்கொள்ளுங்கள். சின்னம், எழுத்து, கோட்டோவியம், வரைபடம், கோலம், முத்திரை ஆகிய இவைதான் இந்த வேலைக்கு உரியவை.

முதலில் கோப்புக்குள் என்ன இருக்கிறது?

பெரும்பாலோர் செய்வது இது: பழைய கோப்பைத் திரையில் திறக்கிறார்கள், திரையைப் படமாகப் பிடிக்கிறார்கள், அதை டிரேஸ் (படத்தின் விளிம்பைப் பின்தொடர்ந்து வெக்டராக்குதல்) செய்கிறார்கள். உள்ளே முழு வெக்டர் இருந்த கோப்பைப் புள்ளிப்படமாக்கி மீண்டும் வெக்டராக்குவதால் வளைவுகளெல்லாம் நடுங்கிப்போகும். டிரேஸ் கடைசி வழி. அதற்கு முன் கோப்பைத் திறந்து பார்க்க வேண்டும்.

பெயரின் வால்பகுதியை நம்பாதீர்கள். ஜேபெக் என்று பெயர் மாற்றிய பிஎம்பிகளும், இபிஎஸ் என்று பெயர் வைத்த பிடிஎஃப்களும் நிறைய உண்டு. ஹெக்ஸ் (கோப்பின் பைட்டுகளை எண்களாக) காட்டும் ஏதாவது ஒரு செயலியில் முதல் சில பைட்டுகளைப் பாருங்கள். ‘டி7 சிடி சி6 9ஏ’ என்று தொடங்கினால் அளவுத் தலைப்புள்ள டபிள்யூஎம்எஃப். ‘சி5 டி0 டி3 சி6’ என்றால் முன்னோட்டப் படம் சேர்ந்த இபிஎஸ். ‘0ஏ’ என்று தொடங்கினால் பெயின்ட்பிரஷ் காலத்துப் பிசிஎக்ஸ். பழைய கோரல் கோப்பு ‘ரிஃப்’ என்ற நான்கு ஆங்கில எழுத்தில் தொடங்கும். எக்ஸ்4 பதிப்பு முதல் வந்தது ஜிப் பொதியாக இருக்கும்.

வேர்ட் கோப்புக்குள் சின்னம் ஒட்டியிருந்தால் வலது சொடுக்கிப் படமாகச் சேமிக்கக் கூடாது, அது பெரும்பாலும் பிஎன்ஜி ஆகிவிடும். கோப்பைப் புதிய வேர்ட் வடிவத்தில் சேமித்து, அதன் பெயர் முடிவை ஜிப் என்று மாற்றித் திறந்தால் ‘மீடியா’ என்ற உறைக்குள் அசல் படம் கிடக்கும். டபிள்யூஎம்எஃபோ அதன் அடுத்த தலைமுறையான இஎம்எஃபோ அங்கே இருந்தால் பாதி வேலை முடிந்தது.

பிளாப்பியும் குறுந்தட்டும் நம் ஈரக்காற்றில் பூசணம் பிடிக்கும். பிளாப்பியின் மூடியை நகர்த்திப் பார்த்து, தட்டில் வெள்ளைப் படலம் தெரிந்தால் டிரைவில் போடாதீர்கள். படிக்கும் முனை கீறி, அந்தப் பிளாப்பியும் போகும், டிரைவும் போகும்.

உள்ளே வெக்டர் இருந்தால்

டபிள்யூஎம்எஃப், இஎம்எஃப் இரண்டையும் இங்க்ஸ்கேப் என்ற இலவச வெக்டர் செயலி நேராகத் திறக்கும். ஆனால் இரண்டும் ஒன்றல்ல. 16 பிட் விண்டோஸ் காலத்து டபிள்யூஎம்எஃபில் பெசியே வளைவு (சில புள்ளிகளைக் கொண்டு கணக்கிடும் மென்வளைவு) என்பதே கிடையாது. வளைந்த கோடுகள் பெரும்பாலும் குட்டிக்குட்டி நேர்கோடுகளாக உடைத்துச் சேமிக்கப்பட்டவை. திரையில் சிறிதாக இருக்கும்போது தெரியாது, பதாகை அளவில் வட்டம் பலகோணமாகிவிடும். அப்படி வந்தால் பாதையை (வெக்டர் கோட்டுருவை) தேர்ந்து, முனைகளைக் குறைக்கும் ‘சிம்ப்ளிஃபை’ கொடுத்துப் பார்க்கலாம். வட்டம், நீள்வட்டம் போன்றவற்றை அழித்துவிட்டுப் புதிதாக ஒரு வட்டம் போடுவதுதான் சுத்தம். இஎம்எஃபில் வளைவு உண்டு, அந்தச் சிக்கல் குறைவு. அளவுத் தலைப்பு இல்லாத டபிள்யூஎம்எஃப் தாறுமாறான பக்க அளவில் திறக்கும். உருவைத் தேர்ந்து, பக்கத்தை அதற்குப் பொருத்திக்கொண்டால் போதும்.

கோரல் கோப்பு கொஞ்சம் நுணுக்கமானது. கோரலின் புதிய பதிப்புகள் தொடக்க காலத்துக் கோப்புகளைத் திறக்க மறுப்பதுண்டு. லிப்ரேஆபிஸ் டிராவும் இங்க்ஸ்கேப்பும் ‘லிப்சிடிஆர்’ என்ற திறமூல நூலகத்தைக் கொண்டு பழையதையும் புதியதையும் திறக்கின்றன. கோடும் நிரப்பும் சரியாக வரும். சாய்வு வண்ணம், அமைப்பு நிரப்பு, லென்ஸ், நிழல், பவர்கிளிப் இவையெல்லாம் மாறியோ காணாமலோ போகலாம். கோரல் உள்ள நண்பர் யாராவது இருந்தால் அவரிடமே எல்லா எழுத்தையும் வளைவாக்கச் சொல்லி (கன்ட்ரோல், க்யூ) எஸ்விஜியாகவும் பிடிஎஃபாகவும் ஏற்றுமதி செய்யச் சொல்லுங்கள். இரண்டையும் ஒப்பிட்டால் எதில் என்ன விடுபட்டது என்று தெரிந்துவிடும்.

இபிஎஸ் என்றாலே வெக்டர் என்று நினைப்பவர்கள் அதிகம். அது வெறும் உறை. உள்ளே வெக்டரும் இருக்கலாம், 72 டிபிஐ (அங்குலத்துக்கு 72 புள்ளி) படம் ஒன்றும் இருக்கலாம். போஸ்ட்ஸ்கிரிப்ட் கோப்புகளைப் படிக்கும் கோஸ்ட்ஸ்கிரிப்ட் என்ற செயலியில் படத்தின் எல்லைக்கு வெட்டச் சொல்லிப் பிடிஎஃப் ஆக்கி, 6400 சதவீதத்துக்குப் பெரிதாக்கிப் பாருங்கள். விளிம்பு கூர்மையாக நின்றால் வெக்டர், படிக்கட்டாகத் தெரிந்தால் படம். இலஸ்ட்ரேட்டர் 9 முதலான கோப்புகள் வழக்கமாகத் தம்முள் பிடிஎஃபையே சுமக்கின்றன. பெயர் முடிவை மாற்றினாலே பிடிஎஃப் வாசிப்பான் திறக்கும். அதற்கு முந்தியவை போஸ்ட்ஸ்கிரிப்ட், அவற்றையும் கோஸ்ட்ஸ்கிரிப்ட் வழியே கொண்டுவரலாம்.

பிடிஎஃபிலிருந்து எஸ்விஜிக்குப் பாப்ளர் என்ற பிடிஎஃப் கருவித் தொகுப்பில் உள்ள ‘பிடிஎஃப்டுகைரோ’ நம்பகமானது. எழுத்துருவைப் பிடிஎஃப் தன்னுள்ளேயே வைத்திருந்தால் எழுத்துகளை வடிவங்களாக மாற்றிக் கொடுத்துவிடும். ஒன்றை மட்டும் கவனியுங்கள். ஒரே எழுத்து பல இடத்தில் வந்தால் அதை ஒருமுறை வரைந்து மற்ற இடங்களில் நகலாகச் சுட்டும். சில வெட்டும் இயந்திரங்களின் மென்பொருளுக்கு இந்த நகல் புரியாது, எழுத்தே இல்லாமல் வெட்டிவிடும். இங்க்ஸ்கேப்பில் எல்லாவற்றையும் தேர்ந்து, நகல் இணைப்பைத் துண்டித்துவிட்டு (ஷிஃப்ட், ஆல்ட், டி) அனுப்புங்கள்.

தமிழ் எழுத்துதான் உண்மையான சிக்கல்

ஆங்கில வழிகாட்டிகள் எதிலும் இந்தப் பகுதி இருக்காது. நமக்கோ பாதிக்கு மேற்பட்ட சேதம் இங்கேதான் நடக்கிறது.

1990களின் தமிழ்க் கோப்புகளில் தமிழ் இல்லை. ஆங்கில எழுத்துகளின் எண்களுக்கு மேல் தமிழ் உருவத்தைப் போர்த்திய 8 பிட் எழுத்துருக்கள்தாம் இருந்தன. மலேசியாவில் முத்து நெடுமாறன் 1985இல் தொடங்கிய முரசு மென்பொருள் வழியாகத்தான் பலரும் கணினியில் தமிழைத் தொட்டார்கள். அதன் பிறகு திஸ்கி, 1999இல் சென்னையில் நடந்த தமிழ்நெட் மாநாட்டை ஒட்டி வந்த டாம், டாப், இவை தவிர ஒவ்வோர் அச்சகமும் வாங்கிய தனித்தனி எழுத்துருக்கள் என்று குறியீடுகள் பல. கோப்பில் அந்த எழுத்துருவின் பெயர் மட்டும் இருக்கும். இன்றைய கணினியில் அந்த எழுத்துரு இல்லாவிட்டால் ‘அருள்மிகு’ என்ற இடத்தில் ஆங்கிலச் சிதறல் நிற்கும்.

இன்னொரு இடறல் கண்ணுக்குத் தெரியாதது. 8 பிட் குறியீட்டின் 128 முதல் 159 வரையுள்ள இடங்களைச் சில செயலிகள் கட்டுப்பாட்டுக் குறிகளாக எடுத்துக்கொண்டு விட்டுவிடும். 160ஐ வெற்றிடமாகவும் 173ஐ மறைவான பிரிகுறியாகவும் கருதும். திஸ்கியில் 173ஆம் இடத்தில் இருந்தது ‘இ’. சொல் முழுவதும் சரியாக வந்து, ‘இ’ மட்டும் விடுபட்டிருந்தால் காரணம் இதுதான்.

எனவே கோப்பைத் தொடுமுன் எழுத்துருவைத் தேடுங்கள். அந்தப் பழைய கணினியின் விண்டோஸ் எழுத்துரு உறையை முழுமையாக நகல் எடுத்துவாருங்கள். சின்னம் வந்த அதே குறுந்தட்டில் எழுத்துருவும் இருக்க நிறைய வாய்ப்புண்டு. கிடைத்ததும் நிறுவி, கோப்பைத் திறந்து, எழுத்து சரியாகத் தெரிகிறதா என்று பார்த்து, அந்தக் கணமே எழுத்தைப் பாதையாக மாற்றிவிடுங்கள். இங்க்ஸ்கேப்பில் ஷிஃப்ட், கன்ட்ரோல், சி. அதன்பின் அந்த எஸ்விஜிக்கு எழுத்துரு தேவையில்லை.

எழுத்துரு கிடைக்காவிட்டால் இரண்டு வழி. பழைய அச்சுப்பிரதி இருந்தால் அந்த எழுத்தை மட்டும் ஸ்கேன் செய்து டிரேஸ் எடுக்கலாம். இல்லையேல் யூனிகோட் எழுத்துரு ஒன்றில் புதிதாகத் தட்டச்சு செய்ய வேண்டும். நீண்ட பத்திகளைக் குறிமாற்றி வழியே யூனிகோடாக்கலாம். பழைய குறியீடுகள் எழுத்துகளைக் கண்ணுக்குத் தெரியும் வரிசையில் வைப்பவை, கொம்பு முதலில், மெய் பின்னால். யூனிகோடில் மெய் முதலில், கொம்பு பின்னால். மாற்றியில் இந்த வரிசைத் திருப்பம் சரியாக நடக்காவிட்டால் கொம்பு தனியாக ஒரு புள்ளி வட்டத்தோடு தொங்கும். ‘கொ’, ‘கோ’, ‘கௌ’ மூன்றையும் கட்டாயம் சோதியுங்கள்.

சின்னத்திலும் பெயர்ப்பலகையிலும் உள்ள பழைய எழுத்து வடிவத்துக்கு என் பரிந்துரை வேறு. தமிழ்நாட்டில் 1978இல் சீர்திருத்தம் வருவதற்கு முன்பிருந்த ணை, லை, ளை, னை ஆகியவற்றின் துதிக்கை வடிவமும், ணா, றா, னா ஆகியவற்றின் சுழித்த வடிவமும் நம் கோயில் பலகைகளில் இன்னும் நிற்கின்றன. யூனிகோடில் புதிய வடிவத்துக்கும் பழைய வடிவத்துக்கும் குறியெண் ஒன்றே, எந்த உருவம் தெரியும் என்பதை எழுத்துரு தீர்மானிக்கும். இன்றைய எழுத்துருக்கள் பெரும்பாலும் புதிய வடிவத்தையே காட்டும். தட்டச்சு செய்தால் அந்தத் தோட்டத்தின் கையெழுத்தே மாறிவிடும். ஆகவே அதைப் பாதையாகவே காப்பாற்றுங்கள், மாற்றி எழுதாதீர்கள்.

பாதையாக்கிய எழுத்தைத் தேட முடியாது, பார்வையற்றோருக்கான திரைவாசிப்பான் அதை வாசிக்காது. எஸ்விஜியில் ‘டைட்டில்’, ‘டெஸ்க்’ என்று இரண்டு குறிகள் உண்டு. சங்கத்தின் முழுப் பெயரையும் ஊரையும் யூனிகோட் தமிழில் அங்கே எழுதி வையுங்கள். இரண்டு வரி வேலை, ஆனால் பத்தாண்டு கழித்துக் கோப்பைத் தேடுபவருக்கு அந்த இரண்டு வரிதான் கைகொடுக்கும்.

தாளிலிருந்து தொடங்கும்போது

கோப்பே இல்லை, தாள் மட்டும்தான் என்றால் ஸ்கேனில் கவனம் வையுங்கள். கைப்பேசிப் படம் வேண்டாம், லென்ஸ் வளைவு வட்டத்தை முட்டையாக்கும். சமதள ஸ்கேனரில் 600 டிபிஐ, வண்ணத்தில், டிஃப் அல்லது பிஎன்ஜி. மெல்லிய தாளில் பின்பக்க எழுத்து தெரிந்தால் தாளுக்குப் பின்னால் கறுப்பு அட்டை வையுங்கள், பின்பக்கம் மங்கிவிடும்.

கறுப்பு வெள்ளைச் சின்னத்தையும் ஏன் வண்ணத்தில் ஸ்கேன் செய்ய வேண்டும்? கோயில் தாள் என்றால் குங்குமமும் மஞ்சளும் பட்டிருக்கும். கிம்ப் என்ற படத்திருத்தச் செயலியில் படத்தைச் சிவப்பு, பச்சை, நீலம் என மூன்று வண்ண வாய்க்கால்களாகப் பிரித்தால், சிவப்பு வாய்க்காலில் சிவப்பும் மஞ்சளும் ஏறக்குறைய வெள்ளையாகிவிடும், கறுப்பு மட்டும் கறுப்பாக நிற்கும். கறையைத் தனித்தனியாக அழிக்கும் வேலையே இல்லை. கறுப்பு எழுத்தின் மேல் சிவப்பு ரப்பர் முத்திரை விழுந்திருந்தாலும் இதே வழி. நீலக் கோட்டில் அச்சான தோட்டத் திட்டப்படத்துக்கும் சிவப்பு வாய்க்கால்தான், அங்கே நீலம் கருமையாகத் தெரியும். முதலிலேயே சாம்பல் நிறத்தில் ஸ்கேன் செய்தால் இந்த வாய்ப்பு போய்விடும்.

செய்தித்தாளிலோ மலரிலோ அச்சான சின்னத்தில் அச்சுப் புள்ளிகள் இருக்கும். அவை மறையும் அளவுக்குக் காசியன் மங்கல் கொடுங்கள். 600 டிபிஐ ஸ்கேனில் 3 பிக்சல் ஆரத்தில் தொடங்கி, போதாவிட்டால் கூட்டுங்கள். பிறகு ‘லெவல்ஸ்’ கொண்டு விளிம்பைக் கூர்மையாக்குங்கள்.

சிறிய படம் ஒன்றுதான் இருக்கிறது, 200 பிக்சல் அகலம், ஜேபெக் வேறு என்றால் வரிசை முக்கியம். முதலில் நான்கு மடங்கு பெரிதாக்க வேண்டும், க்யூபிக் முறையில். பிறகு 1 அல்லது 2 பிக்சல் மங்கல், அதன்பின் கறுப்பு வெள்ளையாக வெட்டு. முதலிலேயே கறுப்பு வெள்ளையாக்கிவிட்டுப் பெரிதாக்குபவர்கள் படிக்கட்டைத்தான் பெரிதாக்குகிறார்கள். விளிம்பில் இருக்கும் சாம்பல் பிக்சல் ஒவ்வொன்றும் கோடு அந்தப் பிக்சலுக்குள் எவ்வளவு தூரம் வந்தது என்ற தகவலைச் சுமக்கிறது. வெட்டியதும் அது போய்விடும். ஜேபெக் 8க்கு 8 பிக்சல் கட்டங்களாகச் சுருக்குவதால் எழுத்தைச் சுற்றித் தூசி மாதிரி தெரியும் குறைகளும் அந்த மங்கலில் அடங்கும். 200 பிக்சலுக்குக் கீழே போனால் எந்த டிரேஸும் உதவாது. அதைப் பின்னணியில் வைத்து, பேனா கருவியால் மேலே வரைந்துவிடுங்கள்.

டிரேஸ் அளவுகள்

இங்க்ஸ்கேப்பின் ‘டிரேஸ் பிட்மேப்’ உள்ளே இயங்குவது பீட்டர் செலிங்கர் எழுதிய பாட்ரேஸ். கட்டளை வரியில் தனியாகவும் இயக்கலாம். முக்கியமான குமிழ்கள் நான்கே. வெளிச்ச எல்லை 0.45இல் தொடங்கும். கூட்டினால் எழுத்து தடிக்கும், குறைத்தால் மெலியும். ‘ஸ்பெக்கிள்ஸ்’ தூசியை நீக்கும். ‘ஸ்மூத் கார்னர்ஸ்’ 0 என்றால் எல்லாம் மூலை, 1.33 என்றால் மூலையே இல்லை, இயல்பு 1. ‘ஆப்டிமைஸ்’ 0.2, கூட்டினால் முனைகள் குறையும், வடிவம் சற்று விலகும்.

தமிழுக்கு ஆபத்து ‘ஸ்பெக்கிள்ஸ்’. அது ஒரு துண்டின் பரப்பைப் பிக்சலில் எண்ணி, கொடுத்த எண்ணுக்கு உட்பட்டவற்றை நீக்குகிறது. மெய்யெழுத்தின் புள்ளிக்கும் தூசிக்கும் அதற்கு வேறுபாடு தெரியாது. கணக்குப் போட்டுப் பாருங்கள். 12 பாயிண்ட் என்பது ஓர் அங்குலத்தில் ஆறில் ஒரு பங்கு. 600 டிபிஐயில் 100 பிக்சல். புள்ளியின் விட்டம் எழுத்து அளவில் சுமார் பத்தில் ஒரு பங்கு என்று வைத்தால் 10 பிக்சல், பரப்பு 78 பிக்சல். இங்கே ஸ்பெக்கிள்ஸ் 15 என்று வைத்தாலும் புள்ளி தப்பும். அதே தாளை 150 டிபிஐயில் ஸ்கேன் செய்தால் புள்ளியின் விட்டம் 2.5, பரப்பு 5 பிக்சல்தான். ஸ்பெக்கிள்ஸ் 10 வைத்தால் பக்கத்தில் ஒரு மெய்யெழுத்துகூட மிஞ்சாது. ‘சங்கம்’ ‘சஙகம’ ஆகும். ஆய்த எழுத்து முழுவதுமே போகும். எனவே உங்கள் படத்தில் மிகச் சிறிய புள்ளியைப் பெரிதாக்கி, அதன் விட்டத்தைப் பிக்சலில் அளந்து, பரப்பில் நாலில் ஒரு பங்குக்கு மேல் ஸ்பெக்கிள்ஸ் போகாதபடி வையுங்கள். தூசி மிஞ்சினால் கையால் அழிப்பதே மேல்.

அடுத்தது எதிர்ப்பக்கத்துத் தவறு. எல்லையைக் கூட்டித் தடிப்பாக்கினால் ண, ன, ழ, இ ஆகியவற்றின் சுழிக்குள் இருக்கும் வெள்ளை அடைபடும், புள்ளி கீழே உள்ள எழுத்தோடு ஒட்டும். தடிப்பான தலைப்பெழுத்தும் மெல்லிய முகவரியும் ஒரே தாளில் இருந்தால் ஒரே எல்லை இரண்டுக்கும் பொருந்தாது. இரண்டாக வெட்டித் தனித்தனியே டிரேஸ் எடுத்துப் பிறகு சேருங்கள்.

‘ஸ்மூத் கார்னர்ஸ்’ விஷயத்தில் தமிழ் எழுத்துக்கு 1 சரியாகவே இருக்கும். 1.3க்கு ஏற்றினால் ‘ப’, ‘ட’, ‘ம’ ஆகியவற்றின் மூலைகள் உருண்டு சோப்புக்கட்டி மாதிரி ஆகிவிடும். டிரேஸ் முடிந்ததும் ‘சிம்ப்ளிஃபை’ பொத்தானைத் திரும்பத் திரும்ப அழுத்தும் பழக்கமும் இதே கேட்டைச் செய்கிறது. அழுத்த அழுத்த அது வேகமாகச் சிதைக்கும்.

பல வண்ணச் சின்னத்துக்கு ‘மல்டிபிள் ஸ்கேன்ஸ்’ இருக்கிறது. சின்னத்தில் நான்கு வண்ணம் என்றால் ஸ்கேனை முதலில் நான்கு வண்ணமாகக் குறைத்துவிட்டுத்தான் அதைக் கொடுக்க வேண்டும். இல்லாவிட்டால் விளிம்புச் சாம்பலெல்லாம் தனி வண்ணமாகி ஒவ்வோர் எழுத்துக்கும் கரை கட்டிவிடும். ‘ஸ்டாக்’ தெரிவை இயக்கி வையுங்கள். அதில் அடி வண்ணம் மேல் வண்ணத்துக்குக் கீழேயும் நீளும். அதை அணைத்தால் இரண்டு வண்ணம் சந்திக்கும் கோட்டில் மயிரிழை வெள்ளை தெரியும். ஸ்டிக்கர் வெட்டும்போது மட்டும் நிலைமை தலைகீழ். அங்கே ஒவ்வொரு வண்ணமும் தனித்தாள், கீழே நீளும் பகுதியும் வெட்டப்படும் என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

தோட்ட வரைபடங்கள்

டிவிஷன், லயம், கோயில், பள்ளி, ஆலை, ஆறு எல்லாம் குறித்த பழைய தோட்டப்படம் வைத்திருப்பவர்கள் தயவுசெய்து அதை எஸ்விஜி ஆக்குங்கள். தோட்டம் இல்லாமல் போன இடங்களில் அந்தத் தாள்தான் மிச்சம்.

சாதாரண டிரேஸ் இங்கே பொருந்தாது. ஒரு கோட்டுக்கு இரண்டு கரை உண்டு, அது இரண்டையும் சுற்றி ஒரு மெல்லிய வடிவமாக்கும். சாலை இரட்டைக் கோடாகிவிடும். இங்க்ஸ்கேப் 1.0க்குப் பிறகு மையக்கோட்டு டிரேஸ் இருக்கிறது, ஆட்டோட்ரேஸ் வழியாக இயங்குவது. நேர் எல்லைகளுக்கு நன்றாக வேலை செய்யும், கோடுகள் சந்திக்கும் முச்சந்தியில் குட்டி முடிச்சு விழும், கையால் சரிசெய்ய வேண்டும். வரைபடம் பெரிதாக இருந்தால் கையால் வரைவதே விரைவு. சாலைக்கு ஒரு அடுக்கு, ஆற்றுக்கு ஒன்று, கட்டடத்துக்கு ஒன்று, பெயருக்கு ஒன்று.

பழைய படங்கள் சங்கிலி அளவில் இருக்கும். ஒரு சங்கிலி 66 அடி, 10 சதுரச் சங்கிலி ஓர் ஏக்கர். ‘ஓர் அங்குலத்துக்கு 8 சங்கிலி’ என்றால் அளவுவிகிதம் 1க்கு 6336. தாள் நம் தட்பவெப்பத்தில் சுருங்கியும் நீண்டும் இருக்கும், ஆகவே எழுதியுள்ள விகிதத்தை நம்பாமல், படத்திலேயே அச்சான அளவுகோட்டை அளந்து, குறுக்கிலும் நெடுக்கிலும் தனித்தனியே சரிபார்த்து அளவைப் பொருத்துங்கள்.

கொடுப்பதற்கு முன்

எஸ்விஜியை நோட்பேடில் திறந்து ‘பேஸ்64’ என்ற சொல்லைத் தேடுங்கள். இருந்தால் பெரும்பாலும் உள்ளே வெக்டர் இல்லை, புள்ளிப்படம் ஒன்றை எஸ்விஜி உறையில் போட்டிருக்கிறார்கள். இணையத்தில் நொடியில் மாற்றித் தரும் தளங்கள் பல இதைத்தான் தருகின்றன. டிரேஸ் எடுத்தபின் கீழே கிடக்கும் மூலப்படத்தை நீக்க மறந்தாலும் இதே அடையாளம் தெரியும்.

அளவை மில்லிமீட்டரில் எழுதுங்கள், ‘வியூபாக்ஸ்’ இருக்கட்டும். பிக்சலில் மட்டும் விட்டால் இங்க்ஸ்கேப் அங்குலத்துக்கு 96 என்றும் இலஸ்ட்ரேட்டர் 72 என்றும் எடுத்துக்கொள்ளும், 30 சென்டிமீட்டர் எழுத்து 40 ஆக வரும். இங்க்ஸ்கேப்பே 0.92 பதிப்புக்கு முன்பு 90 என்று வைத்திருந்தது. அந்தக் காலத்துக் கோப்பு இப்போது 93.75 சதவீத அளவில் திறந்தால் காரணம் அதுதான், திறக்கும்போது கேட்கும் கேள்விக்குச் சரியான பதில் கொடுத்தால் சரியாகிவிடும்.

வெட்டும் இயந்திரத்துக்குக் கொடுப்பதென்றால் கோட்டுத் தடிமன் எல்லாவற்றையும் பாதையாக்கி, ஒன்றன்மேல் ஒன்று விழும் எழுத்துகளை ‘யூனியன்’ கொடுத்து ஒன்றாக்க வேண்டும். இல்லாவிட்டால் கத்தி எழுத்தின் நடுவே கோடு போடும். சுழி உள்ள எழுத்துகளின் உள்துண்டு தனியாக வெட்டப்படும், அதை அக்ரிலிக் பலகையில் எங்கே ஒட்டுவது என்று கடைக்காரர் குழம்பாமல் இருக்க அச்சுத்தாள் ஒன்றும் சேர்த்துக் கொடுங்கள். புள்ளிகளும் அப்படித்தான். 5 சென்டிமீட்டர் எழுத்தில் புள்ளி 5 மில்லிமீட்டர், ஸ்டிக்கரிலிருந்து களை எடுக்கும்போது (வேண்டாத பகுதியை உரிக்கும்போது) முதலில் பிய்ந்து வருவது அதுதான். வெளிப்பலகைக்கு வெட்டுவதானால் புள்ளியை மட்டும் கால் பங்கு பெரிதாக்குவதில் தவறில்லை.

அச்சகத்துக்கு எஸ்விஜி கொடுக்காதீர்கள். எஸ்விஜி திரைக்கான ஆர்ஜிபி வண்ணத்தில் இயங்குவது, நான்கு மை அச்சில் கறுப்பு நான்கு மையாகப் பிரிந்து மெல்லிய எழுத்தெல்லாம் மங்கும். அதே கோப்பிலிருந்து சிஎம்ஒய்கே (நான்கு மை வண்ண) பிடிஎஃப் எடுத்து, கறுப்பு எழுத்து தனிக் கறுப்பு மையில் மட்டும் இருப்பதாக உறுதி செய்யுங்கள். வாட்ஸ்அப்பில் அனுப்புவதென்றால் படமாக அல்ல, ஆவணமாக.

கடைசியாக, சரிபார்ப்பதற்குப் பழைய அச்சுப்பிரதியும் புதிய அச்சும் பக்கத்தில் பக்கத்தில் வேண்டும். இதைக் கணினி தெரிந்தவரைவிடத் தமிழ் நன்றாகப் படிப்பவரிடம் கொடுங்கள். பள்ளி ஆசிரியர், கோயில் கணக்கர், யாராக இருந்தாலும் சரி. எழுத்தெழுத்தாக விரல் வைத்துப் படிக்கச் சொல்லுங்கள். அது முடிந்ததும் மூல ஸ்கேன், பழைய கோப்பு, எழுத்துரு, சாதாரண எஸ்விஜி, பிடிஎஃப் ஐந்தையும் ஒரே உறையில், சங்கத்தின் பெயரும் ஆண்டும் போட்டு, இரண்டு பேர் வீட்டில் இரண்டு பிரதியாக வையுங்கள்.